மூடிய கைக்கு ஒரு பெயர்

ஆங்கிலத்தில் 'அவரிஸ்' என்று ஒரு சொல் இருக்கிறது. இன்றைய பேச்சில் அதை அநேகமாகக் கேட்க முடியாது. பிரசங்கங்களிலும், பழைய கவிதைகளுக்குப் பேராசிரியர்கள் எழுதும் அடிக்குறிப்புகளிலும் அது தங்கிவிட்டது. அதன் இடத்தில் 'க்ரீட்' என்ற குட்டைச் சொல் புழங்குகிறது. அகராதி ஒன்றுக்கு மற்றொன்றைப் பொருளாகத் தரும். தமிழில் இரண்டுக்கும் 'பேராசை' என்று எழுதிவிட்டு மொழிபெயர்ப்பாளன் அடுத்த வரிக்குப் போய்விடலாம். சாஸரின் 'பார்டனர் கதை'யைத் தமிழ் உரைநடையாக்க உட்கார்ந்த எனக்கு அப்படிப் போக முடியவில்லை. ஆறு மாதமாக அந்தச் சொல்லிலேயே நிற்கிறேன். நிற்பதற்கான காரணங்களைச் சொல்வதுதான் இந்தக் கட்டுரை.

பார்டனர் என்பவன் பாவமன்னிப்புச் சீட்டு விற்கிறவன். ஊர் ஊராகப் போய், பன்றி எலும்பைப் புனிதர்களின் எலும்பு என்று காட்டிக் காசு பறிக்கிறவன். அவன் எங்கே போனாலும் ஒரே பிரசங்கம்தான்: பண ஆசையே எல்லாத் தீமைக்கும் வேர். தான் எந்தப் பாவத்தைக் கண்டித்துப் பேசுகிறானோ அதே பாவத்தைத்தான் தொழிலாகச் செய்வதாக அவனே வெட்கமில்லாமல் சொல்கிறான். பிறகு அவன் சொல்லும் கதையில் மூன்று குடிகாரர்கள் சாவைத் தேடிக் கொல்லக் கிளம்பி, ஒரு மரத்தடியில் பொற்குவியலைக் கண்டு, ஒருவரையொருவர் கொன்று தீர்கிறார்கள். இந்தக் கதைக்கு நாம் அறிந்த மிகப் பழைய வடிவம் பாலி மொழியில், புத்த ஜாதகங்களில் 48ஆவதான வேதப்ப ஜாதகத்தில் இருக்கிறது. அங்கே கொள்ளையர்கள், மழையாய்ப் பொழிந்த செல்வம், கடைசி இருவரில் ஒருவன் கையில் வாள், மற்றவன் சோற்றில் விஷம். 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் லண்டன்காரர் ஒருவர் எழுதியது, சுற்றி வளைத்துப் பார்த்தால், நமக்குப் பக்கத்து வீட்டுக் கதை.

கதையில் எனக்குச் சிக்கல் இல்லை. சொல்லில்தான். சாஸர் இரண்டு சொற்களை வைத்திருக்கிறார். ஒன்று இன்று 'கவெட்' என்ற வினையாக ஆங்கிலத்தில் இருப்பதன் பழைய பெயர்வடிவம். மற்றது 'அவரிஸ்'. இரண்டும் 'பேராசை' என்றால் பார்டனர் வெறுமனே அதிகம் வேண்டுகிற ஓர் ஆள் ஆகிவிடுகிறான். அவன் அதைவிடக் கெட்டவன்.

*

இந்தச் சொற்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கலாம்.

'க்ரீட்' பிறப்பால் பசிச்சொல். ஆங்கிலத்துக்கு உறவான பழைய காத்திய மொழியில் இதன் இனச்சொல் நேராகப் பசியையே குறிக்கிறது. இதில் ஒரு விசித்திரமும் உண்டு. 'க்ரீடி' என்ற பெயரடை பழைய ஆங்கிலத்திலேயே இருக்கிறது. 'க்ரீட்' என்ற பெயர்ச்சொல்லோ 1600ஐ ஒட்டித்தான் அதிலிருந்து வெட்டி எடுக்கப்பட்டது. பல நூற்றாண்டுகளாக அந்த மக்களுக்கு வயிற்றுக்கு மிஞ்சி வேண்டுகிற மனிதன் தெரிந்திருந்தான். அவனுடைய குணத்துக்குத் தனியே ஒரு சுருக்கமான பெயர் தேவைப்படவில்லை.

'கவெட்' கண்ணின் சொல். லத்தீனில் விரும்புதலைக் குறிக்கும் 'குபேரெ' என்ற வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. பத்துக் கட்டளைகளில் பிறன் வீட்டையும் மனைவியையும் இச்சிக்காதே என்னுமிடத்தில் ஆங்கில பைபிள் இதைத்தான் போடுகிறது. அயலானுடைய ஒரு பொருள் எதிரே இருக்கவேண்டும். அப்போதுதான் இந்தச் சொல்லுக்கு வேலை. அதே லத்தீன் வேரிலிருந்துதான் பொருளாசையைச் சொல்லும் 'க்யூபிடிட்டி'யும் வந்தது. வில்லோடு நிற்கும் காதல் தெய்வம் க்யூபிடும் வந்தான். ரோமானியன் இதில் முரண் எதையும் கண்டதாகத் தெரியவில்லை.

'அவரிஸ்' 1300ஐ ஒட்டி, நார்மன் பிரபுக்கள் கொண்டுவந்த பிரெஞ்சின் வழியாக ஆங்கிலத்தில் நுழைந்தது. லத்தீனில் 'அவாரித்தியா'. அதற்கும் அடியில் 'அவேரெ': ஏங்குதல், வேட்டல். அதே வினையிலிருந்து பிறந்த இன்னொரு சொல் மிகப் பின்னால் ஆங்கிலத்துக்கு வந்து 'அவிட்' ஆயிற்று. புத்தகங்களை விழுந்து விழுந்து படிப்பவனை ஆங்கிலேயன் 'அவிட்' வாசகன் என்று மெச்சுவான். உடன்பிறந்த இரண்டில் ஒன்று நூலகத்திலும் மற்றது நரகத்திலும் இருக்கிறது.

ஆனால் என்னை நிறுத்தியது இது அல்ல. ஏங்குதல் என்ற வேரிலிருந்து வந்த சொல், நடைமுறையில் ஏக்கத்தைக் குறிக்காமல் விடாமையைக் குறிக்க ஆரம்பித்தது எப்படி? 'அவாருஸ்' என்று லத்தீன்காரன் சொன்னது வாங்கத் துடிக்கிறவனை மட்டுமல்ல, கொடுக்க முடியாதவனையும். இரண்டும் ஒரே ஆள் என்று அந்தச் சொல் வாதமில்லாமல் முடிவு கட்டிவிடுகிறது. அரிஸ்டாட்டில் இதைப் பிரித்துத்தான் பேசினார்: கொடுப்பதில் குறை, வாங்குவதில் மிகை என்று இரண்டு கூறுகள், எல்லோரிடமும் இரண்டும் சேர்ந்தே இருப்பதில்லை. கூடவே, இது குணமாகாத நோய் என்றும் சொன்னார். தத்துவவாதி பிரித்ததை லத்தீன் சொல் ஒட்டவைத்திருக்கிறது. வயிறு நிறைந்தால் க்ரீட் சற்றாவது ஓயும். கண்ணை வேறு பக்கம் திருப்பினால் கவெட் மறக்கும். அவரிஸுக்கு உறுப்பு கை. வாங்க நீண்ட கை மூடிக்கொண்டது, பிறகு திறக்கவில்லை.

*

இந்தச் சொல்லை மிக நுட்பமாக ஆராய்ந்தவர்கள் பணக்காரர்களிடையே வாழ்ந்தவர்கள் அல்ல. 4ஆம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைவனத்துக்குள் போய் உட்கார்ந்த துறவிகள். எவாக்ரியஸ் என்பவர் துறவியைத் தாக்கும் எட்டு எண்ணங்களை வகைப்படுத்தினார். பின்னால் ஏழு பெரும் பாவங்கள் என்று பட்டியலானது இதிலிருந்துதான். எட்டில் ஒன்று பண ஆசை. கிரேக்கத்தில் அதற்குப் பெயர் 'வெள்ளிக் காதல்'. கையில் ஒன்றுமில்லாத துறவிக்கு அது எந்த ரூபத்தில் வரும்? எவாக்ரியஸ் தரும் பட்டியலில் தங்கமே இல்லை. நீண்ட முதுமை, உழைக்கச் சக்தியற்றுப்போன கைகள், வரப்போகும் பஞ்சம், நோய், பிறரிடம் கைநீட்டி வாங்கவேண்டிய அவமானம். இவ்வளவுதான். ஆசை என்று நாம் நினைப்பது அங்கே பயமாக உட்கார்ந்திருக்கிறது.

அவர் வழிவந்த காஸியன் சொல்வது இன்னும் கூசவைக்கிறது. நிலத்தையும் பொன்னையும் வீசி எறிந்துவிட்டு வந்த துறவிகள் ஒரு சிறு கத்திக்காக, ஊசிக்காக, எழுதுகோலுக்காகக் கொதிக்கிறார்களாம். சிலர் தம் புத்தகத்தை இன்னொருவர் தொடக்கூட விடமாட்டார்களாம். சிறுபத்திரிகைக்காரர்களாகிய நம் வீட்டு அலமாரிகளை அந்த மனிதர் 1600 ஆண்டுகளுக்கு முன்பே எட்டிப் பார்த்திருக்கிறார்.

5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புருடென்ஷியஸ் என்ற லத்தீன் கவி நற்குணங்களும் தீக்குணங்களும் போரிடும் ஒரு காவியம் எழுதினார். அதில் அவாரித்தியா ஒரு பெண். போரில் அவளுக்குத் தோல்வி நெருங்குகிறது. உடனே முகத்தை மாற்றிக்கொள்கிறாள். சிக்கனம் என்ற கௌரவமான குடும்பப் பெண்ணின் உடையைப் போட்டுக்கொள்கிறாள். பிள்ளைகளுக்காகத்தானே சேர்த்துவைக்கிறேன் என்கிறாள். எதிர்ப்படை மயங்கி நிற்கிறது. கடைசியில் ஈகை வந்து அவள் கழுத்தை நெரிக்கவேண்டியிருக்கிறது. காவியமாக அது எனக்கு ரசிக்கவில்லை. யந்திரம்போல் நகரும் உருவகம். ஆனால் இந்த ஒரு வேஷமாற்றத்துக்காக மட்டும் அதைத் திரும்பப் படிப்பேன். அந்தச் சொல்லின் பிற்காலச் சரித்திரம் முழுவதும் இதில் ஒத்திகை பார்க்கப்பட்டிருக்கிறது.

தாந்தே நரகத்தின் நான்காம் வட்டத்தில் கருமிகளையும் ஊதாரிகளையும் எதிரெதிர் அணிகளாக நிறுத்துகிறார். இரு சாராரும் பெரும் பாரங்களை மார்பால் தள்ளிக்கொண்டு வந்து மோதுகிறார்கள், ஏன் பிடித்துவைத்தாய், ஏன் வீசி எறிந்தாய் என்று ஒருவரையொருவர் ஏசுகிறார்கள், திரும்பிப் போகிறார்கள், மறுபடி மோதுகிறார்கள். இவர்களில் யாரையாவது எனக்கு அடையாளம் தெரியவேண்டுமே என்கிறார் கவி. தெரியாது என்கிறார் வழிகாட்டி. வாழ்ந்த வாழ்வே இவர்களுடைய முகங்களை அழித்துவிட்டது. இறுதித் தீர்ப்பு நாளில் கருமிகள் கல்லறையிலிருந்து எழும்போது மூடிய கையோடு எழுவார்கள் என்றும் ஒரு வார்த்தை வருகிறது. செத்தபிறகும், உடல் மண்ணாகித் திரும்பப் பிறந்தபிறகும், கை மட்டும் மூடியபடி. படிமம் என்ற பெயரில் நம் கவிதைகளில் கொட்டப்படும் சரக்குகளுக்கு நடுவில் இந்த ஒரு கையை வைத்துப் பார்க்கவேண்டும்.

சரித்திர ஆசிரியர் லெஸ்டர் லிட்டில் 1971ல் ஒரு கட்டுரை எழுதினார். கிறிஸ்தவ ஐரோப்பாவில் நெடுங்காலம் பாவங்களின் தலைமை இடத்தில் இருந்தது அகந்தை. 11ஆம் நூற்றாண்டிலிருந்து நகரமும் நாணயமும் வட்டியும் பெருகப் பெருக, அவரிஸ் மேலேறி அதோடு போட்டி போடுகிறது என்று காட்டினார். பிரபுக்களின் உலகத்துக்கு அகந்தை. வணிகர்களின் உலகத்துக்கு அவரிஸ். தேவாலயமும் தப்பவில்லை. 'எல்லாத் தீமைக்கும் வேர் அவாரித்தியா' என்னும் லத்தீன் வாசகத்தின் நான்கு சொற்களின் முதலெழுத்துகளைக் கூட்டினால் 'ரோமா' என்று வரும். இது இடைக்காலத்தில் பிரசித்தமான வசை. லத்தீன் பைபிளில் அந்த இடத்தில் இருப்பது வேறு சொல். ரோமாபுரியைத் திட்டுவதற்கு இந்தச் சொல்தான் வசதியாக இருந்திருக்கிறது.

சாஸரின் சமகாலத்தவரான லாங்லண்ட், இந்தப் பாவத்தையே ஒரு பாத்திரமாக்கிப் பாவசங்கீர்த்தனம் செய்யவைக்கிறார். பறித்ததை எப்போதாவது உரியவனுக்குத் திருப்பிக் கொடுத்ததுண்டா என்று கேட்கிறார்கள். திருப்பிக் கொடுப்பதற்கான அந்தப் பிரெஞ்சுச் சொல்லைக் கொள்ளையடிப்பதற்கான சொல் என்று அவன் புரிந்துகொள்கிறான். தனக்குப் பிரெஞ்சு தெரியாது என்று சமாதானம் வேறு. திருப்பிக் கொடுத்தல் என்ற சொல்லே அவனுடைய மொழியில் இல்லை. ஒரு சொல்லின் பொருளைப் பற்றிய ஹாஸ்யம் இவ்வளவு ஆழத்தில் வெட்டி நான் பார்த்ததில்லை.

*

பிறகு 18ஆம் நூற்றாண்டில் அவாரித்தியா மறுபடி உடை மாற்றினாள்.

1714ல் மாண்டவில் 'தேனீக்களின் கதை'யை வெளியிட்டார். தனிமனிதத் தீமைகளே பொதுநன்மைகள் என்பது அதன் வாதம். அதிலும் அவர் அவரிஸைத் தீமையின் வேர் என்றே அழைக்கிறார். ஆனால் ஊதாரித்தனம் என்ற உன்னதப் பாவத்துக்கு அது அடிமைவேலை செய்வதாகச் சொல்கிறார். வசவு இருக்கிறது, கூடவே ஒரு வேலையும் கொடுத்தாயிற்று. ஹ்யூம் 1741ல் இதைப்பற்றியே ஒரு சிறு கட்டுரை எழுதினார். திருத்தவே முடியாத குணம் ஆகையால் கோபத்தோடு கண்டிப்பதைவிடச் சிரிப்பால் தாக்குவதே மேல் என்பது அவர் கட்சி. மறு ஆண்டு எழுதிய வேறொரு கட்டுரையில் அவரிஸ் எல்லாக் காலத்திலும் எல்லா இடத்திலும் எல்லா மனிதரிடத்தும் வேலை செய்யும் வேட்கை, ஆகவே வாணிபத்தின் வளர்ச்சிக்குக் காரணம் சொல்வது எளிது என்கிறார். பாவமாக இருந்தது ஒரு விதியாகிறது. 1776ல் ஆடம் ஸ்மித், கசாப்புக்காரனும் ரொட்டிக்காரனும் நமக்கு உணவு தருவது தங்கள் நலனைக் கருதித்தான் என்று எழுதும்போது, பிரசங்கியாருக்கு அங்கே நிற்க இடமில்லை. 'நலன்' என்ற சொல்லில் வெப்பமே கிடையாது. கணக்குப் புத்தகத்தின் வாசனைதான் அதில் இருக்கிறது.

இந்த மாற்றத்தை ஹிர்ஷ்மன் 1977ல் ஒரு சிறிய நூலில் பின்தொடர்ந்திருக்கிறார். வேட்கைகளில் ஒன்றான பண வேட்கையை மற்ற வேட்கைகளை அடக்கும் கருவியாகப் பார்க்கத் தொடங்கினார்கள். அதற்கு 'நலன்' என்று பெயர் சூட்டினார்கள். பணத்தை எண்ணுகிறவன் அதிகாரவெறியனைவிட அபாயமற்றவன் என்று நம்பினார்கள். நம்பிக்கைக்கு நியாயமும் இருந்தது. மதச்சண்டைகளில் ஐரோப்பா எரிந்து முடிந்த சமயம் அது. இதை மறந்துவிட்டு முதலாளித்துவத்தைத் திட்டுவது சுலபம்.

1930ல் கெய்ன்ஸ், பேரப்பிள்ளைகளின் பொருளாதாரத்தைப் பற்றிய கட்டுரையில், பணத்தைப் பணத்துக்காகவே நேசிப்பதைப் பாதி குற்றமும் பாதி நோயுமான ஒரு கோளாறாகக் கருதும் காலம் வரும் என்றார். ஆனால் இன்னும் குறைந்தது நூறு ஆண்டுக்கு அவரிஸும் வட்டியும் முன்ஜாக்கிரதையும் நம் தெய்வங்களாக இருந்தாகவேண்டும் என்றும் சொன்னார். வேஷத்தைக் களைந்து பழைய பெயரைச் சொன்னதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கிறது. அந்த நூறு ஆண்டு 2030ல் முடிகிறது. தெய்வங்கள் மூட்டை கட்டுவதாகத் தெரியவில்லை.

1986 மே மாதம், கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்து வணிகவியல் பட்டதாரிகளின் முன் ஐவன் போயெஸ்கி என்ற பங்குச்சந்தைப் பெரும்புள்ளி, க்ரீட் தவறில்லை, அது ஆரோக்கியமானது என்று பேசினார். அதே ஆண்டு நவம்பரில், உள்தகவலை வைத்துப் பங்கு வியாபாரம் செய்ததற்காக 10 கோடி டாலர் கட்டச் சம்மதித்தார். பின்னால் சிறைக்கும் போனார். 1987ல் வந்த 'வால் ஸ்ட்ரீட்' திரைப்படம் அந்தப் பேச்சுக்கு ஒரு கூர்மையான வடிவம் தந்து உலகம் முழுவதும் பரப்பியது. என் கவனம் சொல்லின் மேல். அவர்கள் நல்லது என்று சொன்னது க்ரீடை. 'அவரிஸ் நல்லது' என்று ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள், வாக்கியம் நிற்காது. பசியின் சொல்லுக்கு மன்னிப்பு உண்டு. பசி உயிரின் அடையாளம், உந்துசக்தி, முன்னேற்றம் என்று ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். மூடிய கைக்கு அப்படி எதுவும் சொல்ல வழியில்லை. அதனால்தான் அந்தச் சொல்லையே விட்டுவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

*

இதெல்லாம் புத்தகத்து விவகாரம். ஆறு மாதம் ஒருவனை உட்காரவைக்க இது போதாது.

என் அம்மாவின் சித்தப்பா ஒருவர் காவிரிக்கரையில் ஒரு சிற்றூரில் அடகுக்குக் கடன் கொடுத்துவந்தார். எனக்குச் சின்னத் தாத்தா. அவரைப் பேராசைக்காரர் என்று யாரும் சொன்னதில்லை, சொல்லவும் முடியாது. ஒருவேளைச் சாப்பாடு, இரண்டு வேட்டி, எங்கும் நடை. எந்த வியாபாரத்திலும் இறங்கவில்லை, யாருடைய நிலத்துக்கும் கண் வைக்கவில்லை. ஊரில் அவருக்குக் 'கெட்டி' என்று பெயர். சிலர் முதுகுக்குப் பின்னால் 'கருமி' என்று சிரிப்பார்கள். நான் எம்.ஏ. ஆங்கிலம் சேரப் பணமில்லாதபோது அம்மா தன் இரட்டைவடச் சங்கிலியைக் கழற்றி அவரிடம்தான் கொண்டுபோனாள். பணத்தை எண்ணி வைத்தார், பேரேட்டில் எழுதினார், சீட்டுக் கொடுத்தார். மூன்று வருஷம் கழித்து அம்மா முதலைத் திரட்டிக்கொண்டு போனபோது, "வட்டி வட்டின்னு ஏறி, முழுகிப்போச்சேம்மா" என்றார். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. பேரேட்டை விரித்து வரி வரியாக விரல் வைத்துக் காட்டினார். கணக்குச் சரியாகவே இருந்தது.

அவர் இறந்த பிறகு இரும்புப்பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே நூற்றுக்கும் மேற்பட்ட சின்னச் சின்னத் துணிமுடிச்சுகள். ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிய சீட்டு. தோடு, மூக்குத்தி, குழந்தைகளின் அரைஞாண். முழுகிப்போன நகைகளில் ஒன்றைக்கூட அவர் விற்கவில்லை, உருக்கவில்லை, வீட்டுப் பெண்களுக்கு அணியக் கொடுக்கவுமில்லை. அம்மாவின் சங்கிலி அம்மாவின் பெயரோடு அப்படியே இருந்தது. பாகப் பிரிவினையில் அது அவருடைய மகன்களில் ஒருவருக்குப் போயிற்று. சட்டப்படி அது சரி.

அவருக்கு மூன்று வேலி நிலமும் நான்கு மகன்களும் இருந்தார்கள். ஆனாலும் திண்ணையில் அவர் அடிக்கடி சொல்லும் வாக்கியம் எனக்கு நினைவிருக்கிறது: "நாளைக்குக் கைகால் விழுந்துட்டா யாருப்பா பாக்கறது?" இதையேதான் பாலைவனத்துத் துறவி எழுதிவைத்திருக்கிறார். நான் அம்மாவிடம் கோபமாகப் பேசியபோது அவள் ஒரே வார்த்தையில் என்னை அடக்கினாள்: "சித்தப்பாவெக் குத்தம் சொல்லாதே. கணக்குலெ ஒத்தைப் பைசா தப்பமாட்டார்." அதில் பொய் இல்லை. நடந்ததில் ஏமாற்று இல்லை, திருட்டு இல்லை, சொல்லப்போனால் ஆசையே இல்லை. ஆனால் ஓர் ஊரின் பெண்கள் காதும் கழுத்தும் மூளியாக நடமாடினார்கள். அவர்களுடைய நகைகள் யாருக்கும் பயனில்லாமல் இருட்டில் முடிச்சாகக் கிடந்தன. இந்தக் காரியத்துக்கு எங்கள் வீட்டில் பெயர் இல்லை. பெயர் இல்லாததால் அம்மாவுக்கு அது ஒரு நஷ்டமாக மட்டும் இருந்தது, அநியாயமாக ஆகவில்லை. அந்தச் சங்கிலியின் பணத்தில் சேர்ந்த வகுப்பில்தான் நான் அவரிஸ் என்ற சொல்லைக் கற்றேன்.

*

இப்போது தமிழுக்கு வருகிறேன்.

'பேராசை' என்பது அளவுச் சொல். ஆசை நல்லதா கெட்டதா என்ற கேள்விக்குள் அது போவதில்லை. கொஞ்சம் பெரிதாகிவிட்டது என்று மட்டும் சொல்கிறது. 'பேராசை பெருநட்டம்' என்ற பழமொழியைக் கவனியுங்கள். அதிகம் ஆசைப்பட்டால் நஷ்டம் வரும், ஆகவே ஆசைப்படாதே என்கிறது. லாபத்தைக் காப்பாற்றிக்கொள்ளச் சொல்லும் யோசனை இது. சின்னத் தாத்தா இதை முழு மனதோடு ஆமோதித்திருப்பார்.

'கருமி', 'கஞ்சன்' இரண்டும் சிரிப்புச் சொற்கள். மேடையில் அவனைக் காட்டினால் கொட்டகை சிரிக்கும். மோலியேர் 1668ல் எழுதிய நாடகத்தின் பெயரே லத்தீன் 'அவாருஸ்' பிரெஞ்சில் எடுத்த உருவம்தான். அதுவும் ஹாஸ்ய நாடகம். ஹ்யூம் சொன்ன வழி இது. ஆங்கிலத்தின் 'மைஸர்' இன்னும் ஒரு படி இரக்கமானது; லத்தீனில் அந்தச் சொல்லுக்குப் பரிதாபத்துக்குரியவன் என்றே பொருள். ஆனால் அடகு வைத்தவளுக்குச் சிரிப்பும் வராது, பரிதாபமும் வராது.

'அவா' உண்டு. லத்தீன் 'அவேரெ'யும் தமிழ் 'அவா'வும் ஒலியில் ஒட்டி நிற்பதைக் கண்டு, எல்லாம் தமிழிலிருந்து போனது என்று குதிக்க நம்மிடம் ஆட்கள் இருக்கிறார்கள். ஒலி ஒப்புமை உறவு ஆகிவிடாது. உண்மையான உறவு பல சமயம் முகஜாடையே இல்லாமல் இருக்கும். 'உலோபம்' என்று நாம் எடுத்துக்கொண்ட வடசொல்லின் வேரும், அன்பைக் குறிக்கும் ஆங்கில 'லவ்' என்பதன் வேரும் ஒன்று என்பது மொழிநூலார் பொதுவாகச் சொல்லும் கருத்து. பிடித்துப்போனது என்பதுதான் ஆதிப் பொருள். அதிலிருந்து ஒரு கிளை அன்பாயிற்று, ஒரு கிளை உலோபமாயிற்று. உலோபம் எனக்கு ஏறக்குறைய ஒத்துவந்தது. ஆனால் புராணப் பிரசங்கத்தில் காமக் குரோத லோப மோகம் என்று மூச்சுவிடாமல் அடுக்கி அடுக்கி, சொல்லின் விளிம்பு தேய்ந்துவிட்டது. காதில் விழுகிறது, தைப்பதில்லை.

திருக்குறள் ஒன்றுக்கு ஒன்று குழம்பாமல் வைத்திருக்கிறது. அயலான் பொருளில் கண் வைப்பதற்கு வெஃகுதல். அதற்குத் தனி அதிகாரம். எல்லா வேட்கைக்கும் அடியான அவாவுக்குத் தனி அதிகாரம். இவை இரண்டும் போக, இன்னொரு சொல் இருக்கிறது: இவறல். அரசனின் குற்றங்களைச் சொல்லத் தொடங்கும்போது முதலாவதாக வைக்கப்படுவது அதுதான். கொடுக்கவேண்டிய இடத்தில் பொருளைக் கொடாமை என்று பரிமேலழகர் உரை சொல்கிறார். அதே அதிகாரத்தில் இன்னொரு குறள், பற்றிக்கொண்ட அந்த உள்ளத்தை மற்ற எந்தக் குற்றத்தோடும் சேர்த்து எண்ணக்கூடாத தனிக் குற்றமாக ஒதுக்கிவைக்கிறது. 'நன்றியில் செல்வம்' என்ற அதிகாரத்துக்குப் போனால், அடுத்தடுத்த இரண்டு குறள்களில் இந்தச் சொல் வருகிறது. ஒன்றில் ஈயாமல் பற்றிக்கொண்டிருப்பது. அடுத்ததில் ஈட்டத்தை விரும்புவது. ஏங்குதலும் விடாமையும் ஒரே சொல்லில்! லத்தீன் நெடும்பயணம் செய்து சேர்ந்த இடத்துக்குத் தமிழ் தன் வழியில், யாரிடமும் கடன் வாங்காமல், போய்ச் சேர்ந்திருக்கிறது. இதைக் கண்ட அன்று நான் எழுந்து சிறிது நேரம் வெளியே நடந்துவிட்டு வந்தேன்.

மொழிபெயர்ப்பைக் கேட்டிருக்கும் ஆசிரிய நண்பருக்கு இது பிடிக்கவில்லை. "இவறல்னா யாருக்கய்யா புரியும்? முந்நூறு பேர் படிக்கிற பத்திரிகை; அதுலே இருநூத்தித் தொண்ணூறு பேர் அச்சுப் பிழைன்னு நெனைச்சுப்பான்" என்கிறார். அவர் சொல்வது நியாயம். செத்த சொல்லைத் தோண்டியெடுத்துப் பண்டிதத்தனம் காட்டுவதை இந்தப் பக்கங்களிலேயே நாங்கள் பலமுறை கேலி செய்திருக்கிறோம். தனித்தமிழ் வேஷம் எனக்கும் ஒவ்வாது. பிரச்சினை சொல்லின் வயதில் இல்லை. புழங்கும் சொல் காரியத்தைச் சொல்லுமானால் பழஞ்சொல்லைத் தொடவே கூடாது. பேராசை இந்தக் காரியத்தைச் சொல்லவில்லை. கருமி அதைச் சிரிப்பாக்குகிறது. சிக்கனமோ புருடென்ஷியஸ் எச்சரித்த அதே உடுப்பு.

பார்டனரிடம் திரும்பினால் இதன் தேவை தெரியும். அவன் ஏழைக் கைம்பெண்ணிடமிருந்தும் காசை வாங்குவேன், அவள் குழந்தைகள் பட்டினி கிடந்தாலும் சரி என்கிறான். வேண்டும் என்ற வெறி அங்கே பாதிதான். அவள் முகம் அவனுக்குத் தெரிகிறது, அவள் பசி தெரிகிறது, கை திறப்பதில்லை. மரத்தடியில் பொன்னைக் கண்ட குடிகாரர்களுக்கு நான் வெஃகல் என்று போடுவேன். மூவரும் ஒருவன் பங்கில் மற்றவன் கண் வைத்துச் செத்தவர்கள். பார்டனருக்கு இவறல்தான். அடிக்குறிப்பு வேண்டாம் என்று நண்பரிடம் சொல்லியிருக்கிறேன். சொல் முதல்முறை வரும் வாக்கியத்திலேயே, அந்தக் கைம்பெண்ணின் பக்கத்தில் அதை நிறுத்தினால், படிக்கிறவனுக்குப் பொருள் விளங்கிவிடும்.

ஒரு குற்றத்துக்குச் சரியான பெயர் இருப்பதால் மட்டும் அது குறைந்துவிடாது. ஐரோப்பாவில் அந்தச் சொல் உயிரோடு இருந்த நூற்றாண்டுகளில் வட்டிக்கடைகள் பெருகத்தான் செய்தன. பார்டனரே அந்தச் சொல்லை வைத்துத்தான் பிழைத்தான். ஆனால் பெயர் இருந்தவரையில், பறிகொடுத்தவன் எழுந்து நின்று இன்னது எனக்குச் செய்யப்பட்டது என்று சொல்ல முடிந்தது. பெயர் போனபின் பேரேடு மட்டும் பேசுகிறது. பேரேட்டில் கணக்கு எப்போதும் சரியாகவே இருக்கிறது.